பெரிதாக்குவது பெருக்கல்தான்: இரண்டு ரப்பர் பேண்டு சொல்லித்தரும் கணிதம்

ஒரு முகம் வரைகிறோம். முகத்தின் நீளம் 10 செ.மீ., மூக்கின் நீளம் 3 செ.மீ. இந்தப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னால், பிள்ளைகள் பலர் எல்லா அளவோடும் ஒரே எண்ணைக் கூட்டுவார்கள். பத்துப் பத்தாகக் கூட்டினால் முகம் 20, மூக்கு 13! வரைந்து பார்த்ததும் தவறு கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டால் பெருக்கினால் முகம் 20, மூக்கு 6. ஆள் மாறவில்லை. உருப்பெருக்கத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

இதைச் செய்துகாட்ட எளிய கருவி ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு ரப்பர் பேண்டுகளை முடிச்சிட்டு இணையுங்கள். ஒரு முனையைப் பலகையில் ஊசியால் குத்தி நிறுத்துங்கள். மறுமுனையில் பென்சிலை நுழைத்து, ரப்பர் தொய்யாதபடி இழுத்துப் பிடியுங்கள். பென்சிலைப் பார்க்காமல் முடிச்சையே பார்த்து, அது படத்தின் கோட்டின் மேலேயே போகும்படி கையை நகர்த்துங்கள். பக்கத்துத் தாளில் அதே படம் இரு மடங்காக உருவாகும். முடிச்சு எப்போதும் நடுவில் இருப்பதால், ஊசியிலிருந்து முடிச்சு இருக்கும் தூரத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில் பென்சில் இருக்கிறது. அந்த 2தான் அளவு காரணி. மூன்று பேண்டுகளைக் கட்டி, ஊசியை அடுத்த முதல் முடிச்சைக் கோட்டின் மேல் ஓட்டினால் மும்மடங்குப் படம் கிடைக்கும்.

இதே கணக்கைத் துல்லியமாகச் செய்யும் கருவிதான் பேன்டோகிராஃப். சூரியப் புள்ளிகளை ஆராய்ந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டோஃப் ஷைனர் 1603இல் இதை உருவாக்கி, 1631இல் நூலாக விளக்கினார். நான்கு சட்டங்கள் இணைகரமாகக் கோக்கப்பட்டிருக்கும். சட்டங்கள் எப்படி விரிந்து மடங்கினாலும் நிலைப்புள்ளி, படத்தைத் தொடரும் முனை, பென்சில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். அவற்றுக்கிடையே உள்ள தூரங்களின் விகிதமும் மாறாது. சட்டங்களை இணைக்கும் இடத்தை மாற்றினால் அளவு காரணி மாறும்.

கருவியே இல்லாத வழி, கட்டம் போடுவது. சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் சிறிய புகைப்படத்தில் கட்டமிட்டுத்தான் மாபெரும் முகங்களைத் தீட்டினார்கள். வகுப்பில் 1 செ.மீ. கட்டத்தில் உள்ள கிளியை 3 செ.மீ. கட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அலகின் கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் இரண்டிலும் ஒன்றே. நீளம் மட்டும் மூன்று மடங்கு. வண்ணம் தீட்டும்போது இன்னொன்று தெரியவரும்: ஒவ்வொரு பெரிய கட்டத்துக்குள்ளும் 9 சிறிய கட்டங்கள் அடங்கும். நீளம் 3 மடங்கானால் பரப்பு 9 மடங்கு; 10 மடங்கானால் பரப்பு 100 மடங்கு.

பத்தாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணங்களைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யும் முன்பே, நடுநிலை வகுப்பிலேயே பிள்ளைகள் இதைக் கையால் வரைந்து பார்க்க வேண்டும். ஆசிரியர்களே, அடுத்த கணித வகுப்புக்கு இரண்டு ரப்பர் பேண்டும் ஓர் ஊசியும் எடுத்துச் செல்லுங்கள்.