பெயர் தாங்கிய கல்லும் பெயரிழந்த கல்லும்

இறந்தோரைக் கல்லில் நிலைநிறுத்த விழைவது மனித இனத்தின் பொதுவியல்பாகும். வேல்ஸ் நாட்டு அபர்கவென்னி நகரின் தேவாலயத்தில், 1445-இல் மறைந்த சர் வில்லியம் ஆப் தாமஸ் என்னும் வீரரும் அவர்தம் மனைவியும் கற்சிலைகளாய் அருகருகே துயில்கின்றனர். 'ஆப்' என்றால் வேல்ஸ் மொழியில் 'மகன்' என்பது பொருள். பெயரே தந்தையைச் சொல்லும். அந்நாட்டு வீரரின் கேடயத்திலுள்ள சின்னமோ குலத்தைச் சொல்லும்.

நம்மிடமும் இம்மரபு உண்டு. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலமுறையைக் கூறுகிறது. அதன் முத்திரையில் புலியும் கயலும் வில்லும் விளங்குகின்றன. இது மன்னர்க்கு. எளிய வீரனுக்கு? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் மாண்ட தீயன் அந்தவனின் பெயரை ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்து வந்துள்ளது.

வில்பட்டியைச் சூழ்ந்த பழனி மலைகளிலோ, பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகள் உள்ளன. மக்கள் இவற்றைக் 'குள்ளர் வீடு' என்பர். ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இயேசு சபைக் குருமார் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது.

இவற்றைக் கட்டியோரின் பெயரும் இல்லை; குலச்சின்னமும் இல்லை. கற்கள் நிற்கும் இடமும், அடுக்கிய முறையும், உள்ளே கிடக்கும் பானையோடுமே அவர்தம் மெய்க்கீர்த்தி. ஒரு பலகையைப் பெயர்த்தாலும் அதில் ஓர் அடி அழிந்துபோம். மலையேறும் மாணவர் இதனை மறவாதிருப்பாராக!