பழைய பவர் டில்லருக்குப் பெரிய எஞ்சின்: பணம் அனுப்புமுன் ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தொலைபேசிப் பேச்சில் பாதி வயலைப் பற்றியதாக இருக்கும். நடவு நெருங்குகிறது, பழைய பவர் டில்லர் இழுக்க மாட்டேன் என்கிறது, எஞ்சினை மாற்றிவிடலாமா என்று அண்ணனோ மாமாவோ கேட்பார். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போட்டால் என்ன என்ற யோசனை அடுத்து வரும்.

இங்கே கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவருக்கு ஒரு எஞ்சின் கண்முன்னே நிற்கும். கான்கிரீட் தளத்தைத் தேய்க்கும் இயந்திரத்திலும் தண்ணீர் பம்பிலும் ஜெனரேட்டரிலும் இருக்கும் சிவப்பும் வெள்ளையுமான ஹோண்டா ஜிஎக்ஸ்390. எடை 31 கிலோ, ஓர் ஆள் தூக்கிவிடலாம். கயிற்றை இழுத்தால் கிளம்பிவிடும். வெகுகாலம் இதை 13 குதிரைத்திறன் என்றே விற்றார்கள். ஊரில் இருப்பதோ 12 குதிரைத்திறன் டீசல். பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதின்மூன்று, எடையோ நாலில் ஒரு பங்குகூட இல்லை. லாபம்தானே?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேரள அரசின் காம்கோ நிறுவனம், ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தில் தயாரித்துத் தமிழ்நாட்டு வயல்களிலும் பரவலாக ஓடும் டில்லரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் 598 சிசி. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 12 குதிரைத்திறன். அந்தச் சுற்றில் தண்டை முறுக்கும் விசை சுமார் 42 நியூட்டன் மீட்டர். ஜிஎக்ஸ்390 எஞ்சின் 389 சிசி. பின்னாளில் அளவு முறை மாறியபோது அதன் நிகரத் திறன் 11.7 குதிரைத்திறன் என்றானது. அதுவும் 3,600 சுற்றில். அந்த நிலையில் முறுக்குவிசை ஏறத்தாழ 23 நியூட்டன் மீட்டர். எந்த வேகத்தில் ஓட்டினாலும் 26.5-ஐத் தாண்டாது.

குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கி வரும் எண். மெதுவாகச் சுற்றிப் பலமாக முறுக்கினாலும் அதே எண் வரும், வேகமாகச் சுற்றி லேசாக முறுக்கினாலும் அதே எண் வரும். களிமண்ணில் இறங்கும் ரோட்டரிக் கத்திக்கு வேண்டியது முறுக்கு.

சரி, புல்லியை மாற்றினால் போயிற்று என்பார் லேத் பட்டறைக்காரர். அவர் சொல்வது சரிதான். சுற்றை 3,600-லிருந்து 2,000-க்கு இறக்கினால் 23 நியூட்டன் மீட்டர் 1.8 மடங்காகி 41-ஐத் தாண்டும். ஏறக்குறைய பழைய நிலை. சிக்கல் புல்லியின் அளவில் வருகிறது. பழைய எஞ்சின் புல்லி 180 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், புதியது 100 மில்லிமீட்டராக வேண்டும். இத்தகைய வண்டிகளில் வழக்கமாகப் போடும் பி வகை வி-பெல்ட்டுக்கு 125 மில்லிமீட்டருக்குக் குறைந்த புல்லி ஒத்துவராது. பெல்ட் அளவுக்கு மீறி வளையும், புல்லியைத் தழுவும் பரப்பும் குறையும், வழுக்கிச் சூடேறி ஒரு பருவத்திலேயே கிழிந்துவிடும். பாதிச் சுற்றாகக் குறைக்கும் கியர் பெட்டியோடு வரும் எஞ்சினை வாங்குவது, அல்லது இடையில் இன்னொரு தண்டு போட்டு இரண்டு படியாகக் குறைப்பதே முறையான வழி. இரண்டுக்கும் செலவு உண்டு.

புல்லியை மாற்றாமலே பூட்டிவிட்டால்? வண்டி ஓடும், அதுவும் 1.8 மடங்கு வேகத்தில். சாலையில் டிரெய்லரோடு 15 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது 27-இல் போகும். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். பிரேக் பழையதே. நெல் மூட்டையும் அதன் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும் டிரெய்லரை நினைத்துப் பாருங்கள்.

எடையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய டீசல் எஞ்சினின் எடை வண்டியின் முன்பக்கத்தை அழுத்திப் பிடித்து, பின்னால் தொங்கும் ரோட்டரிக்கு ஈடுகொடுக்கிறது. 31 கிலோ எஞ்சினைப் போட்டால் மூக்கு தூக்கும், கைப்பிடி கனக்கும், சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றும். கடைசியில் இரும்புக் கட்டிகளைத் தேடி முன்னால் கட்ட வேண்டியிருக்கும். டீசலின் கனத்த ஃபிளைவீல் வேறு இல்லை. கத்தி வேரில் மோதும் கணத்தில் கைகொடுப்பது அந்தச் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான். லேசான எஞ்சின் அங்கே அணைந்து நிற்கும். பெட்ரோல் செலவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெட்ரோல் வேண்டாம், டீசலிலேயே பெரிதாகப் போடுகிறோம் என்பவர்களுக்கு வேறு கவலை. எஞ்சினிலிருந்து மண்வரை உள்ள வரிசையில் பெல்ட், கிளட்ச், கியர், செயின், கத்தி எல்லாம் பழைய 12 குதிரைத்திறனுக்காகச் செய்தவை. இவற்றில் பெல்ட் ஒரு ஃபியூஸ் மாதிரி. கத்தியில் கல் சிக்கினால் அது வழுக்கி கியரைக் காப்பாற்றும். பெரிய எஞ்சின் போட்டதும் பெல்ட் வழுக்குகிறதே என்று இறுக்குவார்கள், முடிந்தால் இன்னொரு பெல்ட்டும் சேர்ப்பார்கள். ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றுவதும் இதுவும் ஒன்றே. அடுத்த கல்லுக்கு கியரின் பல் போகும்.

அமெரிக்காவில் பழைய தோட்ட டிராக்டர்களுக்குப் பெரிய எஞ்சின் பூட்டுவது ஒரு பொழுதுபோக்காகவே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் வெளியிட்ட கப் கடெட் வண்டியில் 7 குதிரைத்திறன் கோஹ்லர் எஞ்சின் இருந்தது. அதே கோஹ்லர் வரிசையில் 10, 12, 14, 16 குதிரைத்திறன் எஞ்சின்கள் ஒரே போல்ட் துளை அமைப்பில் வந்தன. பத்தைக் கழற்றிப் பதினாறைப் பூட்ட ஒரு பிற்பகல் போதும். அது தாங்கியதற்குக் காரணம் அதன் கியர் அமைப்பு. ஃபார்மால் கப் என்ற பண்ணை டிராக்டரின் வடிவமைப்பிலிருந்து அதை எடுத்திருந்தார்கள். நம் டில்லரில் அப்படிக் கூடுதல் பலம் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த உதாரணத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், பணம் அனுப்புமுன் ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் பழைய எஞ்சினின் கம்ப்ரெஷனைப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்த டீசல் தன் முழுத் திறனைத் தராது. இந்தக் கிடைமட்ட எஞ்சின்களில் லைனரைக் கழற்றி மாற்றலாம். லைனர், பிஸ்டன், ரிங் புதிதாகப் போட்டு, நாசிலைச் சரிபார்த்தாலே இழந்த திறன் திரும்பும். பெரும்பாலான வீடுகளுக்கு அந்தப் 'பெரிய எஞ்சின்' இதுவாகவே இருக்கும். கிராங்க் தண்டோ பிளாக்கோ போய்விட்டால் மட்டும் மாற்று எஞ்சின் தேடுங்கள். அப்போதும் அதே திறன், அதே சுற்று.

இங்கிருந்து பழைய எஞ்சினை வாங்கி அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒரு தகவல்: ஒருமுறை பெட்ரோல் ஊற்றிய எஞ்சின், விமானச் சரக்கு விதிகளில் ஆபத்தான பொருள். துணிமணியோடு பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது.

எல்லாவற்றையும் மீறி வேறு எஞ்சின் பூட்டியே ஆகிவிட்டது என்றால், வயலில் இறக்குமுன் சுழலும் திசையைப் பார்க்கச் சொல்லுங்கள். புல்லி எந்தப் பக்கம் வருகிறது என்பதைப் பொறுத்து புதிய எஞ்சின் பழையதற்கு எதிர்த்திசையில் சுழலக்கூடும். பல டில்லர்களில் ரிவர்ஸ் கியரில் ரோட்டரி ஓடாதபடி ஒரு பூட்டு உண்டு, பின்னால் நடந்து வருபவரின் காலுக்காக. எஞ்சின் எதிர்த்திசையில் சுழன்றால், முதல் கியர் போட்டதும் வண்டி பின்னால் வரும், கத்தியும் ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பூட்டுக்கு எதுவும் தெரியாது. ஆகவே சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியை உறுதியான கட்டையில் ஏற்றி, ரோட்டரியைத் துண்டித்துவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் முதல் கியர் போட வேண்டும். பக்கவாட்டில் நின்று, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.