வெயில், வெப்பம், ஒளி: ஜொகூரின் சூரிய ஆற்றலை மதிப்பிடும் முறை

வெயில், வெப்பம், ஒளி ஆகிய சொற்களை அன்றாட வழக்கில் நாம் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆள்கிறோம். ‘இன்று வெயில் 34 பாகை’ என்னும்போது நாம் குறிப்பது வெப்பத்தை. ஆயின், கூரையில் பொருத்தும் சூரியத் தகடு மின்னாக்குவது ஒளியையே. தகடு மிகச் சூடேறினால் அதன் திறன் சற்றுக் குறையவும் செய்யும். எனவே, வெப்பநிலையைக் கொண்டு ஓர் ஊரின் சூரிய ஆற்றலைக் கணிப்பது பொருந்தாது.

கதிர்வீச்சை நேரே அளக்கும் கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. வெயில் நேரத்தைக் குறிக்கும் கருவியோ எளியது. கேம்பல் - ஸ்டோக்ஸ் கருவியின் கண்ணாடிக் கோளம் கதிரைக் குவித்து, அட்டையில் கரிக்கோடு இடும்; மேகம் மறைத்தால் கோடு அறும். கோட்டின் நீளம் வெயில் நேரத்தைக் காட்டும்.

இந்நேரத்திலிருந்து கதிர்வீச்சை அறியும் வாய்பாட்டைச் சுவீடன் அறிஞர் ஆங்ஸ்ட்ரம் 1924இல் வகுத்தார். 1940இல் பிரெஸ்காட் அதனைத் திருத்தியமைத்தார். பகற்பொழுதில் வெயில் நேரத்தின் பங்கைப் பாதியாக்கி, அதனுடன் 0.25ஐக் கூட்ட வேண்டும். வளிமண்டலத்தின் மேல் விழும் ஆற்றலில் தரையை அடையும் பங்கு அதுவே. அந்த 0.25 மேகத்தின் வழியே சிதறி வரும் ஒளி. வெயில் இல்லாத நாளிலும் ஒளி உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

ஜொகூர் நிலநடுக்கோட்டை அடுத்திருப்பதால் ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். மேலே விழும் ஆற்றலை நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் மணி எனக் கொள்வோம். வெயில் 6 மணி நேரமாயின் தரைக்கு வருவது 5. மழை மாதத்தில் 3 மணி நேரமேயாயின் 3.75.

இவ்வேறுபாடே கருதத்தக்கது. மெர்சிங் கடற்கரை ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழையை நேரே எதிர்கொள்கிறது. மேற்குக் கரையிலுள்ள பத்து பகாட்டின் மழைப்போக்கு வேறு. ஆண்டுச் சராசரியை மட்டும் நம்பித் தகடு வாங்கும் பள்ளியோ குடும்பமோ மழை மாதத்தில் மின் பற்றாக்குறைக்கு ஆளாகும். மேலும், 0.25, 0.5 என்பவை பொது எண்களே. அவ்வவ்விடத்து அளவீட்டைக் கொண்டு அவற்றைச் செப்பஞ்செய்தல் வேண்டும்.

ஆகவே, மாணவர்கள் தம் ஊருக்கு அண்மையிலுள்ள வானிலை நிலையத்தின் வெயில் நேரக் குறிப்பைப் பெற்று, பன்னிரு மாதங்களுக்கும் தனித்தனியே கணித்துப் பார்த்தல் நன்று. அவற்றுள் மிகக் குறைந்த மாதத்தின் எண்ணே, எத்தனை தகடுகள் தேவை என்பதை முடிவு செய்யும்.