மன்றோ என்ற பெயர் வந்த கதை

சென்னைக்குப் போய் வந்தவர்கள் தீவுத்திடல் அருகே ஒரு குதிரைச் சிலையைப் பார்த்திருப்பார்கள். உயரமான பீடத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரத் துரை கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். குதிரைக்குச் சேணம் கிடையாது. கால் வைக்க அங்கவடியும் கிடையாது!

அவர்தான் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். சிலை 1839-ல் நிறுவப்பட்டது.

கவர்னர் ஆவதற்கு வெகு காலம் முன்பே அவர் சேலம் சீமையில் வேலை பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்த "மன்றோ" என்ற பெயர் எங்கே பிறந்தது? எங்கெல்லாம் போயிற்று? அது ஒரு சுவையான கதை.

நாலு துரைகள்

1792-ல் திப்பு சுல்தான் கம்பெனியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தன. நிலத்தை அளந்து வரி போட அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரி வந்தார். அவருக்கு உதவியாக மூன்று பேர். சேலம், நாமக்கல் பக்கம் மக்ளவுட் துரை. கிருஷ்ணகிரி பக்கம் கிரகாம் துரை. தருமபுரியில் மன்றோ.

மன்றோ அங்கே 1799 வரை ஏழு ஆண்டுகள் இருந்தார். ஊர் ஊராகப் போனார். குடியானவர்களோடு நேரில் பேசினார். நடுவில் ஜமீன்தார் இல்லாமல், உழுகிறவனிடமே சர்க்கார் வரி வாங்கும் "ரயத்துவாரி" முறை இந்த மண்ணில்தான் உருவாயிற்று.

இந்த நாலு துரைகளின் பெயர்களை மட்டும் பார்த்தாலே போதும். வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர்கள் எப்படி வந்தன என்பது விளங்கிவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் ஆளுக்கு ஒரு பெயர்தான். ஒரே ஊரில் பத்து ஜான் இருப்பார்கள். நம் ஊரில் பத்துக் கருப்பண்ணன் இருப்பதைப்போல! வரிக் கணக்கு எழுதுகிறவன் என்ன செய்வான்? ஆளுக்கு ஓர் அடையாளம் சேர்த்து எழுதினான். அந்த அடையாளம் மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. கி.பி. 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இப்படிப் பெயர் நிலைத்துவிட்டது.

"ரீடு" என்றால் சிவப்பு. செம்பட்டை முடிக்காரன் ஒருவனின் பட்டப்பெயர் அது. "மக்ளவுட்" என்றால் லியோடு என்பவரின் மகன். தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். "கிரகாம்" என்பது இங்கிலாந்தில் உள்ள கிராந்தம் என்ற ஊரிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்துக்குக் குடிபோன பிறகும் அந்தக் குடும்பம் ஊர்ப் பெயரை விடவில்லை.

இரும்பாலை கண்ட ஹீத் துரையையும் இங்கே சொல்ல வேண்டும். சேலத்து இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830-ல் ஆலை வைத்தவர் அவர். "ஹீத்" என்றால் புதர் மண்டிய கரம்பு நிலம். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் தோட்டத்தை வைத்தே குடும்பத்தைச் சொல்வார்கள் அல்லவா? மேட்டுக்காட்டார், பள்ளத்தோட்டத்தார் என்று! ஹீத் துரையும் ஒரு வகையில் "கரட்டுக்காட்டார்"தான்.

ஆற்றங்கரைப் பெயர்

மன்றோ குடும்பத்தார் ஸ்காட்லாந்தின் வடக்கே, ராஸ் என்ற பகுதியில் கோட்டை கட்டி வாழ்ந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் அயர்லாந்தில் ரோ என்ற ஆற்றின் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் செய்தி. ஆற்றின் பெயரே ஆளின் பெயர் ஆயிற்றாம்.

அவர்கள் பெரும்பாலும் போர் வீரர்கள். சம்பளம் கொடுத்தவர் பக்கம் போய்ச் சண்டை போட்டார்கள். அதனால் பெயரும் ஊர் ஊராகப் பரவிற்று.

17-வது நூற்றாண்டில் ஒரு மன்றோ அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய வம்சத்தில் வந்த ஜேம்ஸ் மன்றோ 1817-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். சென்னையில் ஒரு மன்றோ கவர்னர், அமெரிக்காவில் ஒரு மன்றோ ஜனாதிபதி, இரண்டும் ஒரே காலத்தில்! அந்த ஜனாதிபதியின் பெயரால்தான் ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டின் தலைநகர் மன்றோவியா எனப்படுகிறது. சினிமா நட்சத்திரம் மர்லின் மன்றோ இந்தப் பெயரைத் தன் தாயார் வழியில் எடுத்துக்கொண்டார்.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைச் சிகரங்களுக்கே "மன்றோ" என்று பெயர். சர் ஹியூ மன்றோ என்பவர் 1891-ல் அவற்றைக் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டார். இன்று அந்தப் பட்டியலில் 282 சிகரங்கள்.

நமக்குப் பக்கத்திலும் உண்டு. கொல்லத்தில் உள்ள மன்றோ தீவு, திருவிதாங்கூரில் திவானாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரைத் தாங்கியது. அவர் வேறு மன்றோ.

கைக்குழந்தையின் பெயர்

தருமபுரிக்குப் பிறகு தாமஸ் மன்றோ கடப்பை, அனந்தப்பூர் பகுதிக்குக் கலெக்டராகப் போனார். அங்கே ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிறந்த ஆண் குழந்தைகளுக்கு "மன்றோலப்பா" என்று பெயர் வைத்தார்கள்! திருமலைக் கோயிலில் ஒரு பெரிய பாத்திரத்துக்கே "மன்றோ கங்காளம்" என்று பெயர்.

அவர்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பப் பெயர், நம் பக்கம் வந்ததும் தொட்டில் பிள்ளையின் சொந்தப் பெயராகிவிட்டது. நமக்குத் தெரிந்த வழக்கம் அதுதானே! நமக்குத் தகப்பன் பெயர் ஓர் எழுத்து. முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். முன்பு சாதிப் பட்டம் பின்னால் நின்றது. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு அதை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விட்டார்கள். நல்ல காரியம்தான்.

இப்போது தலைகீழாக ஒன்று நடக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் தொல்லை. அமெரிக்க விசாவில் நம்முடைய பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, "முதல் பெயர் தெரியவில்லை" என்று அச்சடிப்பார்கள். 2022 நவம்பரில் துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயரோடு சுற்றுலாவுக்கு வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்றது. பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

அதனால் பலரும் தகப்பன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். ராசிபுரம் பக்கம் மரவள்ளி பயிரிடும் ஒரு முத்துசாமி என்று வைத்துக்கொள்வோம். மகன் செந்தில் அமெரிக்காவில் "மிஸ்டர் முத்துசாமி". மருமகள் "மிஸஸ் முத்துசாமி". பள்ளிக்கூடத்தில் பேத்தி "மிஸ் முத்துசாமி". மக்ளவுட் துரையின் குடும்பத்துக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் நாம் "பெயரன்" என்கிறோம். செந்திலுக்கு அடுத்து ஆண் பிள்ளை பிறந்து, முறைப்படி தாத்தா பெயரை வைத்தால், அந்தப் பிள்ளை அமெரிக்காவில் "முத்துசாமி முத்துசாமி"!