சில்க் த்ரெட் பட்டல்ல, ஜெர்மன் சில்வர் வெள்ளியல்ல: வீட்டில் நகை செய்யும் சகோதரிகளுக்குச் சில விளக்கங்கள்

தங்கம் விலை ஏற ஏற, நம் பகுதியில் கைவேலை நகைகள் செய்யும் வீடுகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ ஆவடி பக்கம் உள்ள தொழிற்சாலைக்கோ ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார், பிள்ளைகள் பள்ளிக்கும் மக்தபுக்கும் போய்விடுகிறார்கள். கிடைக்கிற மூன்று நான்கு மணி நேரத்தில் வளையல் சுற்றுகிறார்கள், ஹிஜாப் பின் செய்கிறார்கள், பிளவுஸுக்கு ஆரி ஒர்க் போடுகிறார்கள். திருமுல்லைவாயலிலும் பூந்தமல்லியிலும் பெருநாளுக்கு முந்தைய மாதத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால் பாதி இந்த நகைப் படங்கள்தாம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம்.

பெண் தன் கையால் உழைத்துச் சம்பாதிப்பது நமக்குப் புதிதும் அல்ல. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதப்படுத்தித் தைத்து, அந்த வருமானத்தை ஏழைகளுக்குக் கொடுத்து வந்தவர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஒரு கைவினைஞர். தன் சம்பாத்தியத்தைக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவிட்டால் நன்மை உண்டா என்று நபி (ஸல்) அவர்களிடமே கேட்டு, உண்டு என்ற பதிலைப் பெற்றவர்கள். ஆகவே கூடுமா, கூடாதா என்பதில் பெரிய கேள்வி இல்லை. கேள்வி எழும் இடம் வேறு. புதிதாக ஒரு வேலையைக் கற்கும்போது எல்லாரும் செய்முறையைத்தான் கேட்கிறார்கள். கையில் இருக்கும் பொருள் எது, அது என் கைக்கு என்ன செய்யும், வாங்குபவரிடம் அதை என்ன பெயர் சொல்லி விற்கிறேன் என்று கேட்பவர்கள் குறைவு.

முதல் உதாரணம், பெரும்பாலானவர்கள் தொடங்கும் சில்க் த்ரெட் வளையல். வேலை எளிது. பழைய பிளாஸ்டிக் வளையல் போதும். இருபது இழை அளவுக்கு நூலைச் சேர்த்துப் பிடித்து, முனையை உள்பக்கம் பசை வைத்து ஒட்டி, முறுக்கு விழாமல் பட்டையாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். முறுக்கு விழுந்தால் பளபளப்பு போய்விடும். இழை குறைந்தால் அடியில் உள்ள வளையலின் நிறம் தெரியும். பசை அதிகமானால் நூலில் கறை பிடிக்கும். இரண்டு நாள் பழகினால் கை வந்துவிடும். பிறகு பால் செயின், குந்தன் கல் எல்லாம் அவரவர் விருப்பம்.

ஆனால் கடைகளில் ‘சில்க் த்ரெட்’ என்று கிடைக்கும் நூலில் பெரும்பகுதி பட்டுப்புழுவைப் பார்த்ததே இல்லை. மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் ரேயான், அல்லது பாலியஸ்டர். அதில் வளையல் செய்வதில் தவறு ஏதும் இல்லை. சில்க் த்ரெட் வளையல் என்று சொன்னால் வாங்குபவர்களுக்கும் அது புரிந்த பெயர்தான். ஆனால் ‘அசல் பட்டு நூல்’ என்று எழுதி 50 ரூபாய் கூடுதலாக வைத்தால் அங்கே வியாபாரம் முடிந்து ஏமாற்று தொடங்குகிறது. மேலே காய்ந்த தானியத்தைக் குவித்து, ஈரமானதை அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் எல்லாரும் பயானில் கேட்டதுதான். அந்தத் தானியமும் விற்கத் தகுதியற்றது அல்ல, ஈரத்தை மறைத்ததுதான் குற்றமானது.

டெரகோட்டா நகையும் இப்படித்தான். டெரகோட்டா என்றால் சுட்ட மண். களிமண்ணில் உருவம் செய்து, நிழலில் மெதுவாக உலர்த்தி, பல நூறு டிகிரி வெப்பத்தில் சூளையில் வைத்தால்தான் அது தண்ணீரில் கரையாத பொருளாக மாறும். இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் அது நடக்காத காரியம். அதனால் பலர் காற்றிலேயே உலரும் ‘ஏர் ட்ரை க்ளே’ வாங்கிச் செய்து, டெரகோட்டா நிறம் பூசி, டெரகோட்டா என்றே விற்கிறார்கள். மழையில் நனைந்தால் அந்தக் கம்மல் ஊறிப்போகும். க்ளே ஜூவல்லரி என்று உண்மையான பெயரில் விற்றால் விலை சற்றுக் குறையலாம், அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

உலோகத்தில் விஷயம் இன்னும் தீவிரம். ‘ஜெர்மன் சில்வர்’ ஜிமிக்கி, ஆக்ஸிடைஸ்டு செட் இப்போது எல்லாப் பக்கமும் ஓடுகிறது. ஜெர்மன் சில்வரில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. பொதுவாகச் செம்பு 60 சதவீதம், நிக்கல் 20, துத்தநாகம் 20 என்ற அளவில் கலந்த உலோகம் அது. வெள்ளி என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவது ஒரு பக்கம். நிக்கல் ஒவ்வாமை மறுபக்கம். காது மடலிலும் கழுத்திலும் அரிப்பு, சிவப்பு, நீர்க்கசிவு என்று வருவதற்கு மிகப் பொதுவான காரணங்களில் நிக்கல் ஒன்று. வியர்வை பட்டால் உலோகத்திலிருந்து அது அதிகம் கசியும். சென்னையில் எந்த மாதம் வியர்க்காது? ஆகவே மேலே தொங்கும் பகுதி எதுவாக இருந்தாலும், காதுக்குள் போகும் கொக்கியை மட்டுமாவது 92.5 வெள்ளியில் வாங்கிப் போடுங்கள். அதை விலையோடு சேர்த்து எழுதிச் சொல்லுங்கள். தங்க நகைக்கு 2021 முதல் ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டது; கவரிங்குக்கும் ஃபேன்ஸி நகைக்கும் அப்படி ஒரு முத்திரை இல்லை. விற்பவரின் வாய்ச்சொல்தான் முத்திரை.

நம் சமூகத்திலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாகக் கோரைப் பாய் நெய்கிறார்கள். கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் ஊடையாகச் செலுத்தி நெய்யும் வேலை. உயர்ந்த ரகப் பாய் ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். துணியைப் போல மடித்து வைக்கலாம். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் வேறு விதமாகச் செய்த பாயை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதுதான் அந்தக் குறியீட்டின் அர்த்தம்.

இனி ரெசின். எபாக்சி ரெசினில் பூ இதழ் வைத்த லாக்கெட், ப்ரூச், தஸ்பீஹ் மணி, நிக்காஹ் நாள் ஃப்ரேம் என்று இளம் சகோதரிகள் அதிகம் முயல்வது இதைத்தான். பார்க்க அழகு, வீடியோவில் பார்த்தால் மிக எளிது. வீட்டுக் கைவேலைகளில் அதிக எச்சரிக்கை தேவைப்படுவதும் இதற்குத்தான்.

ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாட்டில் வரும். இரண்டையும் நிறுவனம் சொல்லும் விகிதத்தில் கலந்தால் வேதிவினை நடந்து இறுகும். சில பிராண்டுகளில் 2க்கு 1, சிலவற்றில் 3க்கு 1, சிலவற்றில் சமம். அளவையா எடையா என்பதும் மாறும். கண் அளவில் ஊற்றினால் பிசுபிசுப்பு போகவே போகாது. முழுதாக இறுக ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் காற்றிலுள்ள ஈரம் பட்டு மேற்பரப்பு வெள்ளையாக மங்கிப் போவதும் உண்டு. அது உங்கள் கைக்குறை அல்ல, வானிலை. அந்த மாதங்களில் நூல் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இறுகிய ரெசின் தோலுக்குத் தொல்லை தருவது அரிது. இறுகாத ரெசின்தான் ஆபத்து. திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை உண்டாகிவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அதற்குப் பிறகு சிறு துளி பட்டாலும் கை வீங்கும். எனவே நைட்ரைல் கையுறை போட வேண்டும். மெல்லிய பாலிதீன் கையுறையோ மருத்துவமனையில் தரும் சாதாரண லேடக்ஸ் கையுறையோ போதாது. சன்னல் திறந்த அறையில் செய்ய வேண்டும். சமையலறை மேடை வேண்டாம், சமையல் கரண்டியால் கலக்க வேண்டாம். தவழும் குழந்தை உள்ள ஒற்றை அறை வீடு என்றால், ரெசினை விட்டுவிட்டு ஆரி ஊசியைக் கையில் எடுங்கள் என்றே நான் சொல்வேன். மீதமான கலவையைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். கப்பிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

இதோடு ஒரு மார்க்கச் சட்டமும் சேர்கிறது. பலர் கேட்பதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உளூவில் தண்ணீர் தோலைத் தொட வேண்டும். மருதாணி வெறும் நிறம், அது தண்ணீரைத் தடுக்காது. நெயில் பாலிஷ் ஒரு படலம், அது தடுக்கும். ரெசினும் ஃபெவிக்விக் போன்ற பசைகளும் காய்ந்தால் நெயில் பாலிஷ் வகைதான். விரல் நுனியில் அவை ஒட்டியிருந்தால் அகற்றிவிட்டே உளூ செய்ய வேண்டும். ஃபெவிக்விக் வகைக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உரிப்பது, நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் துடைப்பது ஆகியவை உதவும். ஈரமான ரெசினைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெயிண்ட் தின்னரால் தோலைத் துடைக்காதீர்கள், ரெசினை அது தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். காயம் படாமல் எடுக்கவே முடியாதபடி ஒட்டிய சிறு துளி இருந்தால், சிரமத்தை முன்னிட்டு ஃபுகஹாக்கள் சலுகை தந்திருக்கிறார்கள். அதற்காகத் தொழுகையைத் தள்ளிப்போட வேண்டாம். கையுறை போட்டால் இந்தக் கேள்வியே எழாது.

எந்த ஆர்டரை ஏற்பது என்பதிலும் கவனம் தேவை. நீலக் கண் மணி கோர்த்த பிரேஸ்லெட் இப்போது ஃபேஷன். பார்வை படாமல் காக்கும் என்று நம்பித்தான் அதைக் கேட்கிறார்கள். பாதுகாப்பை ஒரு கண்ணாடி மணியிடம் எதிர்பார்க்கும் நம்பிக்கையை நம் கையால் கோர்த்துக் கொடுப்பது சரியல்ல. அல்லாஹ்வின் பெயரோ ஆயத்தோ பொறித்த லாக்கெட் கேட்டால், கழிவறைக்குப் போகும் முன் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். தாய்ப்பாலைப் பொடியாக்கி ரெசினில் வைத்து நினைவு நகை செய்யும் பழக்கமும் சென்னையில் பரவியிருக்கிறது. பால் அவர்களுடையது, நான் கூலிதானே வாங்குகிறேன் என்று ஒரு வாதம் வரும். மனித உடலின் பகுதிகளை வியாபாரப் பொருளாக்குவதை மனித கண்ணியத்தின் பெயரால் ஹனஃபி நூல்கள் மறுக்கின்றன. தவிர்ப்பதே பேணுதல் என்பது என் கருத்து.

ஆரி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஜர்தோசி’ என்பது பார்ஸிச் சொல், தங்கத்தால் தைத்தல் என்று பொருள். லக்னோவில் இன்றும் முஸ்லிம் கைவினைஞர்கள் பெருமளவில் செய்யும் தொழில் அது. ஸ்டாண்டில் துணியை முரசு போல இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடப் பழக ஒரு மாதமாவது ஆகும். முதுகும் கண்ணும் வலிக்கும். ஆனால் கற்றுக்கொண்டால் கல்யாண பிளவுஸ் வேலைக்குக் குறைவே இருக்காது. ரெசினைப் போல வருஷத்துக்கு ஒரு ஃபேஷன் என்று மாறுவதும் இல்லை.

விலை நிர்ணயிக்கும்போது பெரும்பாலோர் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு ஜோடி வளையலுக்குப் பொருள் செலவு 60 ரூபாய், வேலை மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 120 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 20 ரூபாய் கூலி. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கே அதைவிட அதிகம் கிடைக்கும். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போய், பாரிமுனை, சௌகார்பேட்டைத் தெருக்களில் மொத்தமாக வாங்கினால் பொருள் செலவு குறையும். ஆனால் முதல் முயற்சிக்கே மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ முதலீடு போட வேண்டிய தொழிலும் இது அல்ல. நூலும் பசையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

ஆர்டர் எடுத்துச் செய்து கொடுப்பதை ஹனஃபி மத்ஹபில் இஸ்திஸ்னா என்பார்கள். பொருள், அளவு, நிறம், விலை ஆகியவை தெளிவாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். கொடுக்கும் நாளையும் குறித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தில் இருந்தால் பிறகு பேச்சு வராது.

மறுபக்கம், ‘வீட்டிலிருந்தே மணி கோர்த்து மாதம் 20,000 சம்பாதிக்கலாம், பொருள் நாங்கள் தருகிறோம்’ என்று வரும் மெசேஜ்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், பிறகு டெபாசிட். செய்து அனுப்பினால் தரம் சரியில்லை என்று நிராகரித்து டெபாசிட்டை விழுங்குவார்கள். வேலை கொடுப்பவர் கூலி தருவார், பணம் கேட்க மாட்டார். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

இந்த வருமானம் சகோதரிக்கே உரியது. கணவரோ மாமியாரோ உரிமையாகக் கேட்க முடியாது. அவராக விரும்பிக் கொடுத்தால் அது நன்மை. உரிமை அவருடையது என்பதால் ஜகாத் பொறுப்பும் அவருடையதே. கையிலுள்ள பணம், சொந்தத் தங்கம் வெள்ளி, விற்பனைக்கான சரக்கு எல்லாம் சேர்ந்து 612 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டி, ஒரு சந்திர ஆண்டு கடந்தால் 2.5 சதவீதம். விற்காமல் டப்பாவில் கிடக்கும் வளையலையும், பிரிக்காத நூல்கண்டையும், மணிப் பாக்கெட்டையும் அன்றைய விலையில் கணக்கிடுங்கள். ஆரி ஸ்டாண்டுக்கும் ஊசிக்கும் ரெசின் அச்சுக்கும் ஜகாத் இல்லை.