4.7 ஜி.பி. டி.வி.டி... மீதி எங்கே பாஸ்?

புது டி.வி.டி. அட்டையில் கொட்டை எழுத்தில் 4.7 ஜி.பி.ன்னு போட்டிருக்கு. உங்க ஃபோல்டரோ விண்டோஸ் கணக்குப்படி வெறும் 4.5 ஜி.பி.தான். ஆனாலும் 'இடம் பத்தாது'ன்னு கம்ப்யூட்டர் அடம்பிடிக்குதா? கடைக்காரரோட சண்டைக்குக் கிளம்பிடாதீங்க மக்கா. தப்பு டிஸ்க்ல இல்லை, அளவுல!

பூக்காரம்மா முழம்!

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் பூ வாங்கியிருப்பீங்க. பூக்காரம்மா கையால அளந்தா 10 முழம். அதையே நெடுநெடுன்னு வளர்ந்த உங்க அண்ணன் அளந்தா 9 முழம்தான் வரும். பூ குறையலை, முழம்தான் வேற. ஜி.பி. கதையும் அதேதான்.

டிஸ்க் கம்பெனிக்கு 1 ஜி.பி.ன்னா 100 கோடி பைட். விண்டோஸுக்கோ 1024 X 1024 X 1024. அதாவது, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். ஆக, டி.வி.டி.யின் 470 கோடி பைட்டை 107.37 கோடியால வகுங்க. விடை 4.38! அதுக்கு மேல ஒரு பாட்டுகூட நுழையாது. பெரிய முழத்துக்கு 'ஜிபிபைட்'னு 1998-லேயே ஐ.இ.சி. என்ற சர்வதேச அமைப்பு தனிப்பேர் வெச்சிடுச்சு. விண்டோஸ்தான் இன்னமும் ஜி.பி.ன்னே காட்டுது.

சி.டி. ரொம்ப நல்லவன்!

சி.டி.யில் இந்த வம்பு கிடையாது. 80 நிமிட சி.டி.யில் 3,60,000 கட்டங்கள். ஒவ்வொண்ணுலயும் 2,048 பைட். கம்ப்யூட்டர் முழத்துலயே அளந்தாலும் 703 எம்.பி. வரும். 700-ன்னு சொன்னது சொன்னபடி இருக்கு!

அந்த 80 நிமிடம்தான் நம்ம வீடுகள்ல இடைவேளை விட்ட புண்ணியவான். ரெண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் 150 நிமிடம். ஒரு வி.சி.டி.யில் எப்படி அடங்கும்? அதான் ரெண்டு டிஸ்க். டி.வி.டி. வந்ததும் முழுப் படமும் ஒரே தட்டுல அடங்கிடுச்சு.

கல்யாண டி.வி.டி.யைக் காப்பாத்துங்க!

இப்போ வர்ற லேப்டாப் பலதுல டிஸ்க் டிரைவே இல்லை. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த டிஸ்க்கில் இருப்பது சாயப் பூச்சு. வெயில், சூடு பட்டா நாளடைவில் கெட்டுப்போகும். அக்கா கல்யாணம் 3 டி.வி.டி.யில் பரண்ல தூங்குதா? யு.எஸ்.பி. டிரைவ் ஒண்ணு இரவல் வாங்கி உடனே காப்பி எடுங்க.

எவ்வளவு இடம் வேணும்? 3 X 4.7 = 14.1. பென் டிரைவ் கம்பெனிக்கும் 100 கோடி முழம்தான். அதனால 16 ஜி.பி. பென் டிரைவ் தாராளம். செருகினதும் 14.9-ன்னு காட்டும், பதறாதீங்க.

ஞாபகம் வெச்சுக்கோங்க: அட்டையில் இருப்பதை அட்டையோட ஒப்பிடுங்க, திரையில் தெரிவதைத் திரையோட ஒப்பிடுங்க. கலந்தா, கணக்கு உதைக்கும்!