ஸ்டீம் டெக்கா, ஸ்ட்ரீம் டெக்கா? பணம் கட்டுமுன் ஒரு நிமிடம்

பெஸ்தாரி ஜெயாவிலோ தஞ்சோங் காராங்கிலோ இருப்பவர்களுக்கு ஸ்டீம் டெக், ஸ்ட்ரீம் டெக் போன்ற கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வாய்ப்புக் குறைவு. ஷாப்பி, லஸாடா இணையக் கடைகளில் பெயரையும் படத்தையும் பார்த்துத்தான் பணம் கட்டுகிறோம். மகன் கேட்டது ஸ்டீம் டெக், அப்பா வாங்கியது ஸ்ட்ரீம் டெக் என்றால் இரண்டு பேருக்கும் வருத்தம். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஸ்டீம் டெக் என்பது என்ன? கையில் பிடித்து விளையாடும் சிறிய கணினி. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு விட்டது. நடுவில் 7 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், எடை ஏறத்தாழ 670 கிராம். 2023 நவம்பரில் வந்த ஓலெட் (நிறம் இன்னும் பளிச்சென்று தெரியும் திரை) வகையில் திரை 7.4 அங்குலம். வால்வின் ‘ஸ்டீம்’ இணையக் கடையில் வாங்கும் விளையாட்டுகளை இதிலேயே இறக்கி விளையாடலாம். டிவியோ இன்னொரு கணினியோ வேண்டாம்.

அப்படியானால் ஸ்ட்ரீம் டெக்? அதில் விளையாட்டே ஓடாது. எல்காட்டோ நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த பொத்தான் பலகை அது. ஸ்ட்ரீமிங் (இணையத்தில் நேரலை) செய்பவர்கள் மேசையில் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு பொத்தானிலும் குட்டித் திரை இருக்கும். ஒரு பொத்தானில் கேமரா படம், இன்னொன்றில் மைக் படம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். அழுத்தினால் கேமரா மாறும், மைக் அடங்கும், பாட்டு தொடங்கும்.

கணினி இல்லாமல் வேலை செய்யுமா? செய்யாது. யூஎஸ்பி கம்பியால் விண்டோஸ் அல்லது மேக் கணினியோடு இணைக்க வேண்டும். கைத்தொலைபேசி மட்டுமே உள்ள வீட்டில் இந்தப் பலகை சும்மா கிடக்கும்.

விற்பனைப் பக்கத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணைப் பாருங்கள். 64, 256, 512 என்று ஜிபி (சேமிப்பு அளவு) போட்டிருந்தால் அது ஸ்டீம் டெக். 6, 15, 32 என்று பொத்தான் கணக்குப் போட்டிருந்தால் ஸ்ட்ரீம் டெக். விலையும் காட்டிக்கொடுக்கும். வெளியானபோது ஸ்டீம் டெக் 399 டாலரிலும், ஓலெட் வகை 549 டாலரிலும் தொடங்கின. 15 பொத்தான் பலகையோ 150 டாலராகத்தான் இருந்தது. முப்பது நாற்பது வெள்ளிக்கு ‘ஸ்டீம் டெக்’ என்று கண்ணில் பட்டால் அது உறையாகவோ திரைக்கு ஒட்டும் கண்ணாடியாகவோ இருக்கும்.

சரி, ஸ்டீம் டெக் வாங்கினால் தோட்டப்புறத்தில் ஓடுமா? பலர் இதை வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். அதில் சிம் போட இடமில்லை, வைஃபை வேண்டும். ஃபைபர் இணைப்பு வராத லயத்து வீட்டில் கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்தான் கதி. 60 ஜிபி விளையாட்டு ஒன்றை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இறக்க ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிடிக்கும். ‘அளவில்லா டேட்டா’ என்று விற்கும் திட்டங்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டு. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டணத்தில் உறவினர் வீட்டு வைஃபையில் இறக்கிவந்தால், தனி ஆளாக ஆடும் விளையாட்டுகள் பலவற்றை இணையம் இல்லாமலேயே ஆடலாம்.

எல்லா விளையாட்டும் ஓடுமா? இல்லை. ஸ்டீம் கடையில் பச்சை ‘சரி’ குறி இருந்தால் நன்றாக ஓடும், மஞ்சள் குறி என்றால் சில சிரமங்களோடு ஓடும். பணம் கட்டாமல் தொடங்க டோட்டா 2 உண்டு; அது வால்வின் சொந்த விளையாட்டு, இலவசம். உங்கள் பையன் ஆடுவது மொபைல் லெஜண்ட்ஸ் மட்டும்தான் என்றால் ஒரு நல்ல கைத்தொலைபேசி போதும். இவ்வளவு செலவு எதற்கு?

கோயில் திருவிழாவை நேரலையில் போடும் இளைஞர்களுக்கு? ஸ்ட்ரீம் டெக் பொருந்தும், ஆனால் உடனே வாங்க வேண்டாம். எல்காட்டோவின் கைத்தொலைபேசிச் செயலியில் 6 பொத்தான்கள் இலவசம். அதுவும் கணினியோடு சேர்ந்துதான் இயங்கும். ஓபிஎஸ் என்ற இலவச நேரலை மென்பொருளில் சாதாரண விசைப்பலகையின் விசைகளையே கேமரா மாற்ற அமைத்துக்கொள்ளலாம். ஒரு திருவிழாவை அப்படி ஓட்டிப் பாருங்கள். 720பி (நடுத்தரத் தெளிவு) படத்துக்கு நொடிக்கு 4 மெகாபிட் ஏற்றினால், மணிக்கு 1.8 ஜிபி கரையும். தேர் கிளம்பும் நேரத்தில் கூட்டம் மொத்தமும் ஒரே தொலைபேசிக் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்திருக்கும். பொத்தான் பலகையைவிட நிலையான இணையம்தான் அங்கே முக்கியம்.

உத்தரவாதம்? ஸ்டீம் டெக் முதலில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் விற்கப்பட்டது. நம் நாட்டில் கிடைப்பவை பெரும்பாலும் கடைக்காரர்களே இறக்குமதி செய்தவை. பழுது பார்ப்பது யார், எத்தனை மாதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தவறான பொருள் வந்துவிட்டால்? பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை, வாங்கிய இணையக் கடையின் செயலியில் ‘பொருள் கிடைத்தது’ என்று அழுத்தாதீர்கள். அழுத்தினால் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். விற்றவர் தவறாக விவரித்திருந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். பக்கத்தில் எல்லாம் சரியாக எழுதியிருந்து நாம்தான் படிக்காமல் வாங்கினோம் என்றால் வழக்கு நிற்பது கடினம். அதனால் பொத்தான் கணக்கா, ஜிபி கணக்கா என்று பார்த்துவிட்டே பணத்தைக் கட்டுங்கள்.